தவிட்டுக்கு வந்த பெயர்

பெரியம்மா வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் மூடி நெளிந்த ஒரு பால்மாவு டப்பா இருக்கும். அதில் கோழிகளுக்கான தவிடு. சாயங்காலம் அதை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் கோழிகள் எல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி வரும். அந்தச் சத்தத்துக்குக் கோழிகளோடு நானும் ஓடுவேன். எனக்கு ஏதாவது தின்னக் கிடைக்கும் என்று தெரியும். "வந்துட்டாங்க பாரு, தவிட்டுக்கு வந்தவங்க எல்லாரும்" என்பார் பெரியம்மா. பொட்டுக்கடலையோ பேரீச்சம்பழமோ என் கையில் வைப்பார்.

பிள்ளைகளைச் சீண்டுவதற்காக எல்லா வீடுகளிலும் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்வார்கள். பிள்ளைகள் அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள். என் விஷயத்தில் அது நிஜமாகவே நடந்தது. என்னை என் அம்மா பெற்றார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெரியம்மா தவிடு கொடுத்து வாங்கினார். வாங்கியவர் எனக்கு வைத்த பெயர் பர்வீன்.

நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, பெயர் பர்வீன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் பெஞ்சில் இருக்கிறவர்கள் முக்காடு போட்ட யாரோ எழுந்திருப்பார்கள் என்று பார்ப்பார்கள். நான் எழுந்து நடப்பேன். நர்ஸ் சீட்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்ப்பார். நான் அதிகம் பேசத் தெரியாதவள். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்டவள். நெய்வேலி டவுன்ஷிப்பில் மரக்கன்று வளர்க்கும் இடத்தில் ஒப்பந்த வேலை செய்கிறேன். பையில் மண் நிரப்பி விதை ஊன்றுவதற்குப் பேச்சு தேவைப்படுவதில்லை. ஆனால் இந்தப் பெயரைப் பற்றி மட்டும் ஒரு முறையாவது முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வருஷம் தோன்றியது. அதற்குக் காரணம் கடைசியில் வரும்.

எங்கள் பிளாக்கில் இரண்டிரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர்கள். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை, பெர்மனென்ட். பெரியம்மாவின் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில். இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. பிளாக்கில் எல்லாருக்கும் அவர் 'பாய் வீட்டம்மா'. என் அம்மா 'அக்கா' என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா ஆனார்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயசு முடிவதற்குள் போய்விட்டன. அம்மா காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவில் வளர்ந்தவர். இங்கே சிமெண்டுத் தரையும் குழாய்த் தண்ணீருமாக இருந்த வீட்டில், அந்த இரண்டு சாவுக்குப் பிறகு, வாய் திறந்து பேசுவதையே குறைத்துக்கொண்டாராம். நான் பிறந்தபோது முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்து இறங்கினார். என் அத்தை. வந்த உடனேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். மூன்றாவதை நம் பிள்ளை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. குப்பையில் போட்டு, வேறு ஒருத்தருக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வாங்கியவர் ஒரு பெயர் வைத்து, கொஞ்ச நேரம் வீட்டில் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பார். பிள்ளை நம்மிடமே வளரும், ஆனால் நம் பிள்ளை இல்லை. இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற எமன் ஏமாந்து போவான்.

கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எருக்குழி உண்டு. டவுன்ஷிப்பில் எங்கே போவது? பிளாக் கடைசியில் ஒரு சிமெண்டுக் குப்பைத் தொட்டி இருந்தது. அத்தை என்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனால், பெருக்குகிற அம்மா அப்போதுதான் கழுவிவிட்டுப் போயிருக்கிறார். "என்னைக்கும் நாறிக்கினு கெடக்கும். இன்னைக்குன்னு பாத்து தொடச்சி வச்சிருக்கா பாரு" என்று அத்தை அலுத்துக்கொண்டாராம். பிறகு எங்கள் கொல்லையிலிருந்தே சருகும் அடுப்புச் சாம்பலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டி, அதன் மேல் முறத்தை வைத்து, முறத்தில் என்னைப் படுக்க வைத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அழுதாராம்.

வாங்குகிறவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுக்காதவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இரண்டு பையன்கள் கொழுகொழுவென்று மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். அம்மா வேலியோரம் போய்க் கேட்டிருக்கிறார்.

"புள்ளைய விக்கிறியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்றாராம் பெரியம்மா.

அம்மா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "சரி. என்ன வெலை?"

"தவிடுதாங்க்கா."

"தவிடா? என் கோழியே அதுக்கு மேல வெலை போகும்டி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், அந்த டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு கைத் தவிடு போதும் என்றார் அத்தை. பெரியம்மா கேட்கவில்லை. "நான் வாங்குற பொண்ணு ஒரு கைத் தவிட்டுக்கு வர்றவளா?" என்று டப்பாவை அத்தையின் மடியில் கவிழ்த்துவிட்டு, முறத்திலிருந்து என்னை எடுத்து, தன் முந்தானையில் சாம்பலைத் துடைத்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழக்கப்படி பிள்ளை உடனே திரும்பி வர வேண்டும். வரவில்லை. அம்மாவும் அத்தையும் வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள். அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தபோது, வீட்டில் பிள்ளை இல்லை, பெண்டாட்டி படியில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு முறை மட்டும் பெரியம்மா கொல்லைப் பக்கம் தலையை நீட்டி, "எம் பொண்ணுக்குப் பசிக்குது, வந்து பால் குடுத்துட்டுப் போ" என்று அம்மாவைக் கூப்பிட்டாராம். வேறொன்றுமில்லை. வாங்கியவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார் அல்லவா? பெரியம்மா தன் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். அவர் வந்து குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, என்னைக் கையில் வாங்கிக் காதில் பெயரைச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

"பர்வீன்" என்று சொல்லி என்னை அம்மாவிடம் கொடுத்தார் பெரியம்மா.

"இன்னா பேரும்மா அது? அர்த்தம் இன்னா?" என்று கேட்டார் அத்தை.

"நட்சத்திரம்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தவிட்டுக்கு வாங்கும் பிள்ளைக்கு மட்டமான பெயர்தான் வைக்க வேண்டும். குப்பு, பிச்சை, தவிட்டம்மா என்று இப்படி. எமன் வந்து எட்டிப் பார்த்தால், குப்பைதானே என்று திரும்பிப் போக வேண்டும். வழக்கத்தின் உயிரே அதுதான். அதை யாரும் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அத்தை நினைத்துவிட்டார். பெரியம்மாவுக்கோ, ஒருத்தி நம்பித் தன் பிள்ளையைக் கொடுக்கிறாள், அதற்கு நம்மிடம் இருப்பதிலேயே நல்ல பெயரை வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது. தனக்கு ஒரு பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த பெயர் அது. இரண்டும் பையனாகப் போனதால் பெயர் அப்படியே இருந்தது.

"குப்பைன்னு வையின்னா, வானத்துல கொண்டு போயி மாட்டிகினு வந்துட்டியே" என்று அத்தை புலம்பினாராம். பெரியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துப் போனது. மாற்றிவிடலாம் என்று அவரே சொன்னார். அப்பாதான் தடுத்தார். "வாங்குனவங்க வச்ச பேரு. அத நாம மாத்துனா வித்தது பொய்யின்னு ஆயிடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெயரை மாற்றினால் விற்றது செல்லாது. மாற்றாவிட்டால் எமனுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியதாக ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் அம்மா மாட்டிக்கொண்டார். அத்தை என்னை ரகசியமாகக் 'குப்பு' என்று கூப்பிட்டார். அப்பா 'பர்வீன்' என்றார். அம்மா எந்தப் பெயரும் சொல்லாமல் 'பாப்பா' என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் என் மூக்கின் முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. கார்த்திகையிலும் விடவில்லை. நெஞ்சு கர் கர் என்று இழுத்தது. மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அம்மா மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். தீபம் முடிந்ததும் பெரியம்மாவிடம் போய், அக்கா, பிள்ளைக்கு நீங்கள் வைத்த பெயர் வேண்டாம், வேறு ஏதாவது மட்டமாக வைத்துக் கொடுங்கள் என்று கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அவ்வளவு ஆசையாக வைத்த பெயர்.

எங்கள் பக்கத்தில் திருக்கார்த்திகைக்கு மூன்றாம் நாளைக் குப்பைக் கார்த்திகை என்பார்கள். முதல் நாள் வாசல், மாடம், கோயில் என்று விளக்கு வைத்தால், அன்றைக்குக் குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு உண்டு. அம்மா ஊர் வழக்கத்தை விடவில்லை. பொழுது இருட்டியதும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓர் அகலை ஏற்றி எடுத்துக்கொண்டு, பிளாக் கடைசியில் இருந்த அதே சிமெண்டுத் தொட்டிக்குப் போனார். காற்று அடித்தது. பெரியம்மா பார்த்துவிட்டுக் கூடவே வந்து, விளக்கு அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நடந்தார். அம்மா கேட்க நினைத்ததைக் கேட்க வாயெடுப்பதற்குள், பெரியம்மா கேட்டார்.

"குப்பைக்கு எதுக்குடி வெளக்கு?"

"கார்த்திகைக்கு எல்லா எடத்துலயும் வைப்பாங்கக்கா. குப்பைக்கும் ஒரு நாளு."

"கார்த்திகைன்னா மாசம்தானே?"

தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் தைலமரக்காடு, விளக்கு கிடையாது. கிழக்கே வானம் நன்றாகத் தெரிந்தது. நிலா இன்னும் எழும்பவில்லை. அம்மா கையை நீட்டிக் காட்டினார். "அதோ பாருங்க, ஒரு கொத்தா மினுக்கிகினு இருக்கே, அதுதான் கார்த்திகை. ஆறு பொண்ணுங்க. முருகனை எடுத்து வளத்தவங்க. அவங்க பெத்த புள்ள இல்ல, ஆனா அவங்கதான் பால் குடுத்து வளத்தாங்க."

பெரியம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு, "அடி பைத்தியக்காரி" என்றார். "அதுதான்டி பர்வீன்."

பெரியம்மாவின் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தவர். அவருக்குப் பாரசீகச் செய்யுள் நிறைய மனப்பாடம். மொட்டை மாடியில் பெண்ணைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, அந்த நட்சத்திரக் கொத்தைக் காட்டி, பார்சியில் இதற்குப் பர்வீன் என்று பெயர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கொத்துக்கு நம் பக்கத்தில் கார்த்திகை என்று பெயர் என்பது பெரியம்மாவுக்கு அதுவரை தெரியாது. தான் விரதம் இருந்து கும்பிடும் கார்த்திகைப் பெண்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கும் தெரியாது. சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் அகலை வைத்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்களாம். அம்மா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அம்மா என்னைப் பர்வீன் என்று கூப்பிட்டார்.

அத்தைக்குச் சொல்லி அனுப்பியபோது அவருடைய சமாதானம் வேறு விதமாக இருந்தது. "குப்பையில வச்ச வெளக்குதானே? அப்ப குப்புன்னும் ஆச்சு. போவட்டும் வுடு" என்று சொல்லிவிட்டாராம். எனக்குச் சளி மாசி வாக்கில் சரியானது. மருந்தினால் சரியானது என்று பெரியம்மா சொன்னார். கார்த்திகைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று அம்மா சொன்னார். இரண்டு பேரும் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டதே இல்லை.

டவுன்ஷிப்பில் என்னைத் தவிரவும் பர்வீன்கள் இருந்தார்கள். பர்வீன் பானு, பர்வீன் பேகம், வெறும் பர்வீன் என்று ஏழெட்டுப் பேராவது அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். எல்லா மாவட்டத்துக்காரர்களும் வந்து குவிந்த ஊர். நஸ்ரின், யாஸ்மின், ஷிரின் என்று அழகழகான பெயர்கள். அவற்றுக்கெல்லாம் அர்த்தம் பெரியம்மாதான் சொல்வார். நஸ்ரின் என்றால் காட்டு ரோஜா, ஷிரின் என்றால் இனிப்பு. யாஸ்மின் நம் மல்லிகைதான். எல்லாம் பாரசீகத்திலிருந்து வந்தவை, ராஜாக்களோடும் வியாபாரிகளோடும் வந்து உருதுவில் தங்கிவிட்டவை என்பார். எங்கள் வகுப்பிலேயே இன்னொரு பர்வீன் இருந்தாள். டீச்சர் எங்களைப் 'பொட்டு வச்ச பர்வீன், பொட்டு வைக்காத பர்வீன்' என்று கூப்பிடுவார். ஒரு நாள் பொட்டு வைக்காத பர்வீன் ஆசைப்பட்டு என்னுடைய ஸ்டிக்கர் பொட்டை வாங்கி ஒட்டிக்கொண்டுவிட்டாள். டீச்சர் அன்று இரண்டு பேரையும் சேர்த்து வெளியே நிற்க வைத்தார். பெயர் கூப்பிட வழியில்லையாம்.

ஆனால் வயது ஏற ஏற எனக்கு அந்தப் பெயர் பாரமாக இருந்தது. யாராவது பெயரைக் கேட்டால் காதில் விழாத மாதிரி நகரப் பார்ப்பேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். மதம் மாறிவிட்டீர்களா, அப்பா அம்மா லவ் மேரேஜா என்று கேட்பார்கள். தவிடு, குப்பைத் தொட்டி, எமன் என்று எதிலிருந்து ஆரம்பிப்பது? வீட்டுக்கு வந்து அழுவேன். பெரியம்மா ஒரு நாள் என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார். "பேரைக் கேட்டா பேரைச் சொல்லு. கதையக் கேட்டா என்னைக் கூப்புடு, நான் வந்து சொல்றேன்." ரொம்ப நாள் அந்தத் தைரியத்தில்தான் ஓட்டினேன்.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயத்தில், பெரியம்மாவின் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிக் குடும்பத்தோடு ஆம்பூருக்குப் போய்விட்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வேறு யாரோ வந்தார்கள். பெயரைக் கேட்டதும் விலகிப் போன வரன்கள் சில. ஒருவர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட வரவில்லை. கடைசியில் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. நெல் விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை மைன்ஸில் காண்ட்ராக்ட். எல்லாம் பிடித்திருந்தது. தேதி குறிக்கிற நாளுக்கு முன்னால், மாப்பிள்ளையின் அம்மா ஒன்று சொல்லி அனுப்பினார். பத்திரிகையில் பெண்ணுக்குப் 'பரமேஸ்வரி' என்று போட வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர்தான். ஊரில் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா, எத்தனையோ நாள் என்னைக் காப்பாற்றியது அந்தப் பெயர் என்று நம்பியவர், "நல்லா இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அத்தைதான் இன்னொரு முடிச்சைப் போட்டார். விற்ற பிள்ளையைத் தாலி ஏறுவதற்கு முன்னால் திருப்பி வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் தாரைவார்த்துக் கொடுக்க அப்பாவுக்கு உரிமை கிடையாது. ஆகவே பெரியம்மாவுக்குப் போன் செய்தார்கள். அவர் தனியாகவே பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். வந்ததும் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கா, வேலைக்குப் போற மூஞ்சி" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்தார். அதன் மேல் ஒரு புடவை. பெரியம்மா நின்றபடி முந்தானையை ஏந்தி அதை வாங்கிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அப்பா கையில் கொடுத்தார். "உங்க பொண்ணு உங்களுக்கு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார். "அப்ப பேரும் திரும்பிடுச்சி இல்லிங்க? பரமேஸ்வரின்னே போட்டுடலாம்."

பெரியம்மா அவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "புள்ளைய வாங்குனேன், குடுத்துட்டேன். பேரு வாங்குனது இல்லம்மா, நான் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வூட்ல இல்ல. வேணாம்னா அவ சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேண்டாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், கல்யாணம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடியும். அதுவரை எனக்குப் பாரமாக இருந்த பெயர்தானே அது. ஆனால் அதை விடச் சொல்லிக் கேட்டபோதுதான், அது என் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. "பர்வீன்னே இருக்கட்டும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சொல்லுது புள்ள?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

அதுவரை தலை குனிந்து காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "பர்வீன்னே இருக்கட்டுமாம்" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு அவருடைய அம்மாவைப் பார்த்து, "நானும் அதைத்தாம்மா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். அப்பா முதலில் சிரித்தார். மாமனாரும் சிரித்துவிட்டார். "மாப்ளயே கஷ்டப்பட்டுப் படிச்சிட்டான், இனிமே பாடத்த மாத்துனா பெயிலாயிடுவான், வுடுங்க" என்றார். பத்திரிகையில் பர்வீன் என்றுதான் அச்சானது.

மாமியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏ புள்ள' தான். ஆனால் சில வருஷம் கழித்து, குழாயடியில் ஒருத்தி என் பெயரைப் பற்றி ஏதோ இளக்காரமாகச் சொன்னபோது, "அது கார்த்திகப் பொண்ணுங்க பேரு, ஒனக்கின்னா தெரியும்" என்று அவர் மடக்கிவிட்டதை உள்ளே இருந்து கேட்டேன். அம்மா எப்போதோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது யாரும் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைப்பதாகத் தெரியவில்லை. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து வாசலில் கூப்பிடும் பெயர்களில் பர்வீனைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. ஆதார் மையத்தில் ஒரு பெண் "பழைய பேரு ஆன்ட்டி, ஆனா நல்லாருக்கு" என்றாள். என் மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். அவனோடு இருக்கும் ஓர் ஈரான்காரரிடம் அம்மா பெயர் பர்வீன் என்று சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் இவன் தோளைத் தட்டிச் சிரித்தாராம். அவருடைய அம்மாவுக்கும் அதே பெயர். அங்கேயும் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லையாம், அம்மாக்கள், பெரியம்மாக்களின் பெயராகிவிட்டதாம். திராட்சைக் கொத்தைச் சொல்கிற மாதிரி, அந்த நட்சத்திரங்களைப் பர்வீன் கொத்து என்று சொல்வார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத ஓர் அம்மாவையும் யாரோ இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பையில் மண் நிரப்பினேன்.

பெரியம்மா இந்த வருஷம் இறந்துவிட்டார். ரம்ஜானுக்கு நானும் தீபத்துக்கு அவரும் போன் செய்துகொள்வோம், அவ்வளவுதான் மிச்சமிருந்தது. பெரிய பையன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சொன்ன செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நானும் வீட்டுக்காரரும் மறுநாள் ஆம்பூருக்குப் போனோம். அவரை ஆண்கள் இருந்த பக்கம் அழைத்துக்கொண்டார்கள். நான் பெண்கள் இருந்த அறை வாசலில் நின்றேன். பாயில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் குவித்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஓதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. நான் யார் இங்கே? அத்தனை பேர் முன்னால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடித்துக்கொண்டு போனவள். அழுவதற்குக்கூட என்ன உறவைச் சொல்லி அழுவது?

வயதான ஒரு அம்மா நிமிர்ந்து, "யாரும்மா?" என்று கேட்டார். "நெய்வேலிங்க. பக்கத்து வீட்ல இருந்தோம்" என்றேன்.

அடுக்களையிலிருந்து ஓர் இளம்பெண் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். பெரிய அண்ணனின் மகளாம், காலேஜ் படிக்கிறவள். நெய்வேலி என்றதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீங்க பர்வீன் பூபியா?" என்றாள். பூபி என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவள், அத்தை. நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"உங்களப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. உங்களாலதான் எனக்கு இந்தப் பேரு" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "எனக்குப் பர்வீன்னு வைக்கணும்னுதான் அப்பா சொன்னாராம். தாதி, அதான் எங்க பாட்டி, ஒரே பிடியா முடியாதுன்னுட்டாங்களாம். நம்ம வூட்ல ஒரு பர்வீன் ஏற்கெனவே இருக்கா, நெய்வேலியில இருக்கா, ஒரே வூட்ல ரெண்டு பேருக்கு எதுக்கு ஒரே பேருன்னு கேட்டாங்களாம். அப்புறம் சுரையான்னு வச்சாங்க. அரபியில அதே நட்சத்திரம்தான்."

அவள் பிறந்தது என் கல்யாணத்துக்கு ரொம்ப வருஷம் கழித்து. பெரியம்மா புடவையையும் தவிட்டையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு போன பிறகு.

சுரையா திரும்பி, பாயில் இருந்தவர்களிடம் உருதுவில் ஏதோ சொன்னாள். அதில் என் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. 'யாரும்மா' என்று கேட்ட அந்த அம்மா நகர்ந்து, பக்கத்தில் இருந்தவரையும் நகரச் சொல்லி, இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன்.